குளிர்காலமும் ஆலைக் குழாய்களும்



மார்கழி மாதத்தில் ஓசூரிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து தங்கும் சென்னைவாசி, முதல் நாள் காலையிலேயே ஒரு சிறு சங்கடத்துக்கு உள்ளாவது வழக்கம். தலைக்குத் தடவிக்கொள்ளத் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டும் விழாது. எண்ணெய் வெண்ணெயைப் போல இறுகிப் போயிருக்கும். வீட்டிலுள்ள அம்மையார் சிரித்துக்கொண்டே அதை வாங்கி, வெந்நீர்ச் செம்பில் சற்று நேரம் நிறுத்திக் கொடுப்பார். விருந்தாளியின் சங்கடம் அத்துடன் தீர்ந்துவிடும். நான் இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முழுவதும் அந்தப் புட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. தேங்காயெண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடுகிறது. (நான் சொல்லும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ் அளவு.) ஆகவே, 'நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை, அதனால் எதுவும் உறையாது' என்று எண்ணுவது தவறு. ஆனால் அந்தத் தவறான எண்ணத்தோடுதான் நம் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் குழாய்கள் போடப்பட்டன. நானும் அந்த எண்ணத்தோடுதான் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைவிட இன்னொருவர் கொடுத்த விலை பெரிது. அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குப் பேருந்தில் வருகிறவர்கள், காதில் காற்று மாறுவதைக் கொண்டே மேடு ஏறுகிறோம் என்று அறிந்துகொள்வார்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் அமைந்திருக்கிறது. பூமியிலிருந்து ஆயிரம் மீட்டர் மேலே போகப் போக உஷ்ணம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது என்பது வானிலை நூலார் கண்ட கணக்கு. ஆகவே சமவெளியில் இதமாக இருக்கும் தை மாதத்து விடியற்காலை இங்கே குளிராக இருக்கிறது. 12, 13 டிகிரி வரை இறங்குவது இங்கே அதிசயமன்று. எல்லைக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் 1884 ஜனவரி 13ஆம் நாள் 7.8 டிகிரி வரை குளிர் பதிவாகியிருக்கிறது. ரோஜாவுக்கும் முட்டைக்கோசுக்கும் இந்தக் குளிர் பிடிக்கிறது. 1971-இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டையை அமைத்தபோது, பெங்களூரின் அருகாமையோடு இந்த நல்ல சீதோஷ்ணமும் தொழில் செய்ய வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது.

மனிதருக்குப் பிடித்த குளிர் எல்லாத் திரவங்களுக்கும் பிடிப்பதில்லை. ஒரு தொழிற்சாலையின் குழாய்களில் தண்ணீர் மட்டுமா ஓடுகிறது? கொதிகலனுக்குப் போகும் கனத்த உலை எண்ணெய் இருக்கிறது. குளிரில் அது உறையாவிட்டாலும் பாகு போலத் தடித்துப் பம்பைத் திணறடிக்கும். நன்றாகத் தூவி எரியவேண்டுமானால் அதை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கித்தான் பர்னருக்கு அனுப்பவேண்டும். மெழுகு, பனை எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு, கருங்காரை முதலியவையும் அவ்வாறே. சாயத் தொழிலிலும் ரப்பர் தொழிலிலும் பயன்படும் செறிந்த அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அது 16.6 டிகிரியில் பனிக்கட்டியைப் போல உறைந்துவிடும். பனிக்கட்டி அசிட்டிக் அமிலம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். இவை எல்லாவற்றையும்விட நம் ஆலைகளில் மிகுதியாகப் புழங்குவது காஸ்டிக் சோடாக் கரைசல். தொழிலாளர்கள் அதை 'லை' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேட்டூரிலும் சாகுபுரத்திலும் தயாராகும் இந்தச் சரக்கு டாங்கர் லாரிகளில் ஊர் ஊராகப் போகிறது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவும், கழிவுநீரின் புளிப்பை முறிக்கவும் அது வேண்டியிருக்கிறது. நூற்றுக்கு ஐம்பது பங்கு சோடா கலந்த லை சுமார் 12 டிகிரியில் உறையத் தொடங்குகிறது.

12 டிகிரி! ஓசூரின் தை மாத விடியற்காலையின் உஷ்ணமும் அதுவே. சென்னையில் ஆண்டு முழுவதும் சாதுவாகக் கிடக்கும் அதே திரவம், இங்கே ஆண்டில் சில காலைப் பொழுதுகளில் மட்டும் கல்லாகிவிடுகிறது. சில காலைப் பொழுதுகள்தாமே என்பதுதான் அபாயத்துக்குக் காரணம். தினமும் வரும் பகைவனுக்கு நாம் கதவைத் தாழிட்டு வைக்கிறோம். எப்போதோ வருபவனுக்குத் தாழிடுவதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நான் பராமரிப்புப் பிரிவில் இளைய இஞ்சினீயராகச் சேர்ந்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, லைத் தொட்டியிலிருந்து கழுவும் பிரிவுக்குத் திரவம் வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தொட்டி உயரமான மேடையில் இருந்தது. அங்கிருந்து கீழே பம்புக்கும், பம்பிலிருந்து ஆலைக்குள்ளும் இரண்டங்குலக் குழாய் திறந்த வெளியில் போயிற்று. அதன்மேல் காப்பு ஏதும் இல்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது, மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. வடிகட்டியில் அடைப்பு என்று நான் முடிவு கட்டினேன். உறைந்திருக்கும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. பம்பை நிறுத்தச் சொன்னேன். தொட்டியடி வால்வை மூடச் சொன்னேன். வடிகட்டியின் பிளேஞ்சைக் கழற்றச் சொன்னேன்.

எங்களிடம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர் உதவியாளராக இருந்தார். வால்வுச் சக்கரத்தைச் சுற்றியவர் அவர்தான். "இறுகிவிட்டது சார், இதற்கு மேல் திரும்பவில்லை" என்றார். மூடிவிட்டது என்று நான் பொருள் கொண்டேன். உண்மையில் வால்வின் வாயில் உறைந்து நின்ற லைப் படிகங்கள் அதைப் பாதியிலேயே தடுத்து நிறுத்தியிருந்தன. பிளேஞ்சைக் கழற்றினார்கள், உள்ளே வெள்ளையாக அடைத்திருந்தது. வெந்நீர் ஊற்றினால் கரையும் என்று யாரோ சொன்னார்கள். நானும் சரி என்றேன். இரண்டு வாளி வெந்நீர் குழாயின்மேல் விழுந்தது. அடைப்பு இளகிற்று. மூடாத வால்வுக்குப் பின்னால் தொட்டி உயரத்து அழுத்தத்தோடு காத்திருந்த திரவம் பீறிட்டு வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தம்பியின் முகத்தில் அது தெறித்தது. அவர் அணிந்திருக்கவேண்டிய பாதுகாப்புக் கண்ணாடி பம்பு அறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பழைய ஃபிட்டர் ஒருவர் ஒரு விநாடியும் தாமதிக்கவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயின் கீழே தலையை வைத்து, கண்ணிமைகளை விரலால் விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். வலது கண் முழுவதும் பிழைத்தது. இடது கண்ணில் பார்வை நின்றது. ஆனால் மங்கல் நிரந்தரமாயிற்று. அந்த முதியவர் மட்டும் மருந்து தேடிக்கொண்டு நின்றிருந்தால் இரண்டு கண்களும் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். லை தெறித்தால் முதல் மருந்து தண்ணீர். குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவியபிறகே மற்றவை. கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாள நண்பர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளவேண்டுகிறேன்.

அன்று நடந்த பிழைகளை எண்ணிப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூடக் காலை ஆறரை மணிக்கு உண்டானதன்று என்று எனக்குப் புலப்படுகிறது. அவை எல்லாம் முந்தின ஆவணி மாதமே உண்டாகிவிட்டன. குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்யவேண்டிய காலம் குளிர்காலம் அன்று.

அப்படியானால் என்ன ஆயத்தம் செய்யவேண்டும்? இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று குழாய்க்குப் போர்வை போர்த்துவது. மற்றொன்று குழாய்க்குச் சூடு கொடுப்பது. முன்னதை இன்சுலேஷன் என்றும், பின்னதை ஹீட் டிரேசிங் என்றும் தொழிற்சாலையில் சொல்கிறோம். வெப்பக் காப்பு, வெப்பத் துணை என்று நாம் தமிழில் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை.

கம்பளிப் போர்வை நமக்குச் சூடு தருகிறது என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் போர்வை சூடு தருவதில்லை. உடம்பில் பிறக்கும் சூடு வெளியே போகாமல் அது தடுக்கிறது, அவ்வளவே. திண்ணையில் கிடக்கும் கல்லுக்குப் போர்வை போர்த்தினால் கல் சூடாகுமா? குழாயும் கல்லைப் போன்றதுதான். அதற்குள் ஓடும் திரவம் நின்றுவிட்டால், எவ்வளவு கனமான காப்பு இருந்தாலும் அது மெல்ல மெல்லக் குளிர்ந்து வெளிக்காற்றின் உஷ்ணத்துக்கு வந்தே தீரும். காப்பு காலத்தை நீட்டித்துத் தரும்; உறைவதை முற்றிலும் நிறுத்தாது. இரவு ஷிப்டு இல்லாத ஆலையில், சனிக்கிழமை மாலை நிறுத்திய குழாய் திங்கட்கிழமை காலைவரை அசையாமல் கிடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சிறிய குழாய் பெரிய குழாயைவிட வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு உள்ளிருக்கும் சரக்கு குறைவு, வெளிப்பரப்பு அதிகம். ஆகவே முதலில் உறைவது பெரிய குழாயன்று. அழுத்தமானிக்குப் போகும் சுண்டுவிரல் குழாய்தான். அது உறைந்தால் மானி பொய் சொல்லும். மானியை நம்பி வேலை செய்பவன் ஏமாறுவான்.

வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு பாய்கிறது என்பதைக் கணித வடிவில் முதன்முதல் தெளிவாக வகுத்தவர் ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர். அவருடைய நூல் 1822-இல் வெளிவந்தது. அந்தக் கணக்கைக் கொண்டு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இரண்டங்குலக் குழாய் ஒன்றில் லையை 30 டிகிரியில் வைத்திருக்கவேண்டும். வெளியே 12 டிகிரி. குழாய்மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமக் கம்பளி சுற்றியிருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 வாட்டுக்கும் குறைவான வெப்பமே வெளியேறும். நூறு மீட்டர்க் குழாய்க்கு 500 வாட் போதும். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி எடுக்கும் மின்சாரத்தில் அது பாதிதான். காப்பே இல்லையானால் இந்த இழப்பு ஆறேழு மடங்கு ஆகும். காற்றும் வீசினால் இன்னும் கூடும். வானம் தெளிந்த இரவில் திறந்த குழாயின் மேற்பரப்பு, காற்றைக் காட்டிலும் ஓரிரு டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடுவதும் உண்டு. விடியற்காலையில் லாரியின் கூரையில் பனித்துளி நிற்பது அதனால்தான்.

இந்த 500 வாட்டைக் கொடுப்பதே வெப்பத் துணையின் வேலை. பழைய முறையில், குழாயோடு குழாயாக ஒரு சிறு செம்புக் குழாயைக் கட்டி அதில் நீராவி விடுவார்கள். ஒரு கிராம் நீராவி தண்ணீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது; ஆகவே நீராவி மிகவும் கொழுத்த துணைதான். ஆனால் லைக்கு அது ஏற்றதன்று. நீராவியின் உஷ்ணம் 100 டிகிரிக்கு மேல். செறிந்த லை சாதாரண எஃகுக் குழாயில் 50 டிகிரிக்கு மேல் சூடானால், பற்றவைத்த இணைப்புகளில் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விடத் தொடங்கும். உறையாமல் காக்கப் போய்க் குழாயையே கெடுத்துவிடுவோம். கனத்த எண்ணெய்க்கு நீராவி. லைக்கு மின்கம்பி என்பது நான் அனுபவத்தில் கடைப்பிடித்த விதி.

மின்சாரம் பாயும் கம்பி சூடாகும் என்பதன் கணக்கை 1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். இக்காலத்து வெப்பத்துணைக் கேபிள்களில் இன்னொரு நுட்பமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு செம்புக் கம்பிகளுக்கு இடையே கரித்தூள் கலந்த ஒருவகைப் பிளாஸ்டிக் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்துக்கு வழி விடுகின்றன. சூடேறினால் பிளாஸ்டிக் விரிந்து துகள்கள் விலகுகின்றன. மின்சாரம் தானே குறைகிறது. குளிர்ந்த இடத்தில் மிகுதியாகவும் சூடான இடத்தில் குறைவாகவும் அது வெப்பம் தருகிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பரிமாறத் தெரிந்த நல்ல விருந்தோம்பியைப் போன்றது அது.

ஆனால் நேயர்களே, இவை இரண்டையும் வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. இவற்றின் முதல் பகைவன் குளிரன்று, மழை. கனிமக் கம்பளி வெப்பத்தைத் தடுப்பது அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றினால். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். புரட்டாசி ஐப்பசி மழையில் கம்பளி நனைந்துவிட்டால், மார்கழியில் அந்தக் குழாய் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் போல நடுங்கத்தான் வேண்டும். அதுமட்டுமா? ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்த இடத்தில் எஃகு மிக விரைவாகத் துருப்பிடிக்கும். வெளியே தகடு பளபளவென்று மின்னும். உள்ளே குழாய் காகிதம்போல மெலிந்துகொண்டிருக்கும். காப்பே குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

ஆகவே நான் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டேன். அதை மாதக் கணக்கில் சொல்லுகிறேன்.

ஆவணி மாதத்தில் குழாய்களோடு நடந்து பார்க்கவேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயிலும் என்ன ஓடுகிறது, அது எந்த டிகிரியில் உறையும் அல்லது தடிக்கும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். மேல்தகடு எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே திருகாணி கழன்றிருக்கிறது, எங்கே யாரோ ஏணி சார்த்தி மிதித்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளவேண்டும். சந்தேகமான இடத்தில் தகட்டைத் திறந்து கம்பளியைக் கையால் பிழிந்து பார்க்கவேண்டும். நனைந்த கம்பளியை உலர்த்திப் பயனில்லை, மாற்றிவிடுவதே நலம். இங்கே ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய ஆலைகளில் காப்பாகக் கல்நார் பூசப்பட்டிருக்கலாம். அதன் நுண்ணிழைகள் சுவாசத்தில் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் உண்டாக்கும். அத்தகைய காப்பை அறியாமல் கிழிக்கக்கூடாது. பயிற்சி பெற்றவர்களிடமே விடவேண்டும்.

புரட்டாசி பிறக்குமுன் எல்லாவற்றையும் மூடிவிடவேண்டும். தகட்டின் மடிப்புகள் கூரை ஓட்டைப் போல மேலது கீழதன்மேல் கவிந்திருக்கவேண்டும். நீர் உள்ளே புகாமல் வழிந்தோட அதுவே வழி. லைக் குழாய்களின்மேல் அலுமினியத் தகடு போடலாகாது. லை சொட்டினால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும்; அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். துருவேறா எஃகுத் தகடே அங்கே பொருத்தமானது. நேரான குழாய் முழுவதையும் அழகாகப் போர்த்திவிட்டு, வால்வையும் பிளேஞ்சையும் வடிகட்டியையும் திறந்து விட்டுவிடுவது நம்மிடையே உள்ள பொது வழக்கம். அவை அடிக்கடி கழற்றவேண்டியவை என்பது சமாதானம். கழற்றி மாட்டக்கூடிய மெத்தை உறைகள் தைத்துக் கிடைக்கின்றன. குழந்தைக்குச் சட்டை போட்டுவிட்டுத் தலையைத் திறந்துவிட்டால் சளி பிடிக்காதா? வால்வு ஒரு பெரிய இரும்புக்கட்டி. ஆகையால் கேபிளையும் அங்கே கூடுதலாகச் சுற்றவேண்டும். இத்தகைய காப்பு வேலைக்கென்றே ஐ.எஸ். 14164 என்ற இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் வேலை கொடுக்கும்போது அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வெப்பத் துணையைச் சோதிக்கவேண்டும். ஒவ்வொரு கேபிளையும் மின்வாரியத்தார் அறிந்த மெகர் கருவியால் அளந்து பார்க்கவேண்டும். 20 மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது அல்லது உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவைச் சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிட்டு எழுதி வைக்கவேண்டும். மின்கசிவு நேர்ந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் காப்புச் சுவிட்சைப் பித்தானை அழுத்திச் சோதிக்கவேண்டும். நீராவித் துணை உள்ள இடங்களில், ஒவ்வொரு ஸ்டீம் டிராப்பும் தண்ணீரை வெளியேற்றுகிறதா, ஆவியை வீணாக விடுகிறதா என்று பார்க்கவேண்டும். பயன்படாமல் முட்டி நிற்கும் கிளைக் குழாய்களைக் காலி செய்யவேண்டும். அழுத்தக் காற்றுக் குழாய்களின் தாழ்ந்த இடங்களில் குளிர்நாளில் நீர் மிகுதியாகத் தங்கும். அவற்றின் வடிகுழாய்களையும் திறந்து பார்க்கவேண்டும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. 50 சதவீத லையை வந்தவுடன் 20 சதவீதமாக நீர்த்துவிட்டால், அது பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரையிலும் உறையாது. இடம் இருந்தால் இதுவே சிறந்த வழி. ஆனால் பாதி வேலை செய்யக்கூடாது. 40 சதவீதத்தில் நிறுத்தினால் அது 15 டிகிரியிலேயே உறைந்து முன்னைவிடத் தொல்லை தரும். நீர்க்கும்போது லையைத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். தண்ணீரை லையில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குழாய் உறைந்துவிட்டால்? நெருப்பைக் காட்டாதீர்கள். நடுவில் வெந்நீர் ஊற்றாதீர்கள். வால்வு திரும்பவில்லை என்றால் மூடியிருக்கிறது என்று நம்பாதீர்கள். திறந்த முனையிலிருந்து தொடங்கி, உருகிய திரவம் போக வழி விட்டு, மெல்ல மெல்ல உள்நோக்கிச் சூடாக்கிக்கொண்டு வரவேண்டும். முகமும் கண்ணும் மூடியிருக்கவேண்டும்.

'ஆண்டில் பத்து நாள் குளிருக்கு இவ்வளவு செலவா?' என்று நிர்வாகிகள் கேட்பது இயற்கை. நானே பலமுறை அந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள டெக்சாஸ் மாநிலம் நம்மைப் போலவே வெயிலுக்குப் பேர்போனது. அங்கேயும் இதே கேள்வி கேட்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் ஒரு கடுங்குளிர் வந்து மின்நிலையங்கள் பல நின்றன. குழாய்களையும் கருவிகளையும் குளிருக்குப் பாதுகாக்கவேண்டும் என்று அவ்வாண்டே ஆய்வறிக்கை கூறிற்று. பெரும்பாலோர் அதைப் புறக்கணித்தனர். 2021 பிப்ரவரியில் அதைவிடக் கடுமையான குளிர் வந்தது. கருவிக் குழாய்கள் உறைந்தன. இயற்கை எரிவாயு வருவது குன்றிற்று. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 45 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் இருளில் மூழ்கின. அந்த மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர் 246 பேர். அதே வாரத்தில் அதைவிடக் குளிரான கனடாவில் நிலையங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அங்கே குளிர் எதிர்பார்த்த விருந்தாளி. டெக்சாசில் அவன் அழையா விருந்தாளி. நம் ஓசூர்க் குளிர் அதனோடு ஒப்பிடத் தகாத சிறிய குளிர்தான். ஆனாலும் அதுவும் எதிர்பாராமல் வருவதுதான், எதிர்பாராமையே தீங்கு.

இனி அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அவர் வேலையை விட்டுப் போகவில்லை. கண் ஆறி வந்ததும், "குழாய்க்குப் போர்வை சுற்றும் வேலையில் என்னைப் போடுங்கள் சார்" என்று என்னிடம் கேட்டார். சில ஆண்டுகளில், தகட்டின்மேல் புறங்கையை வைத்தே உள்ளே ஈரமா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார். எங்கள் பம்பு அறை வாசலில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் தேங்காயெண்ணெய் நிறைத்துக் கட்டித் தொங்கவிட்டார். காரணம் கேட்டேன். "இது 24-இல் உறையும், அது 12-இல் உறையும். இது உறைகிற முதல் நாள் நாம் கேபிள் சுவிட்சைப் போட்டுவிட்டால், அது உறைவதற்குள் நமக்குக் காலம் இருக்கிறது" என்றார். பிற்பாடு விலையுயர்ந்த தெர்மாஸ்டாட்டுகள் வந்தன. அவை தாமாகவே சுவிட்சைப் போட்டன. ஆயினும் அந்தப் புட்டியை நாங்கள் எடுக்கவில்லை. தெர்மாஸ்டாட்டு பழுதானால் அது சொல்லாது, புட்டி சொல்லும்.

நான் ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு கார்த்திகையிலும் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் அந்தப் புட்டியைத்தான் பார்ப்பேன். எண்ணெய் தெளிவாக இருந்தால் மனம் சற்று இளைப்பாறும். வெண்மை படர்ந்திருந்தால் அந்த இடது கண்ணின் வெண்மை நினைவுக்கு வரும். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாரேனும் மேட்டுநிலத்து ஆலையில் பணி செய்பவராக இருந்தால், நாளைக் காலை உங்கள் குழாய்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அவற்றுள் எது எந்த டிகிரியில் உறையும் என்று கேளுங்கள். விடை தெரியவில்லையானால், வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.